செக்கிங் கண்

பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்க்கும் கோகிலவாணி, கம்பெனி கொடுத்த லென்ஸை மூன்று இரவுகளாகப் போடவில்லை. அதைப் போட்டுத் தூங்கினால் விடிவதற்குள் கண் வேலைக்குத் தக்கபடி வளைந்துவிடும். ஒரு முழத்துக்குள் ஊசிமுனை ஓட்டைகூடப் பளிச்சென்று தெரியும். அதைத் தாண்டினால் உலகமே பஞ்சுப்பொதிதான். மூன்று நாள் போடாமல் விட்டால், கண் தன் பழைய வடிவுக்குத் திரும்பிவிடும்.

போன வருடம் மகள் சம்யுக்தாவின் கபடி ஆட்டத்தில், எதிரணிப் பெண்ணைத் தன் மகளென்று நினைத்துத் தொண்டை கிழியக் கத்திக் கைதட்டியிருந்தாள். மகள் கோபித்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து, எதிரணிப் பக்கம் கபடி பாடிப் போகும் முன் ஒருமுறை கையைத் தூக்கிக் காட்டத் தொடங்கினாள். அதுதான் கோகிலவாணிக்குப் பொறுக்கவில்லை. பெற்றவளுக்கு அடையாளம் காட்டிவிட்டா ஒரு பிள்ளை விளையாட வேண்டும்?

வெள்ளிக்கிழமை காலை சூப்பர்வைசர் அவள் முன் துணியை விரித்தார். "இதுல குறை என்னம்மா?"

"தெரியலீங்க."

"லென்ஸ் போடலையா? இப்படியே வந்தா சீட்டைக் கிழிச்சிருவாங்கம்மா."

"கிழிக்கட்டுங்க. நாலு மணிக்கு எம்புள்ள ஆட்டம். நான் போகோணும்."

மைதானத்தில் கயிற்றை ஒட்டி நின்றாள். அத்தனை பெண்களுக்கு நடுவே மகளின் முழங்கால் பிளாஸ்திரிகூடத் தெரிந்தது. சம்யுக்தா நடுக்கோட்டருகே வந்து, வழக்கம்போல அம்மா பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினாள்.

கோகிலவாணி அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"கையை இறக்கு சாமி! அம்மாவுக்குத் தெரியுது!"