கல்சாகியா, வார்டா?

"சூப்பர் மிடில்வெயிட் குத்துச்சண்டையில கல்சாகிய விட வார்ட்தான் பெரிய ஆள், வாப்பா. கல்சாகி எங்க குத்தினார்? சும்மா தட்டினார்."

கொட்டாஞ்சேனை வீட்டில் பர்ஸானா ஒரு வாரமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரிலுள்ள குத்துச்சண்டைப் பிரியர்களிடமெல்லாம் கல்சாகிக்காக வாதாடிய ஸஹாப்தீன், கதிரையில் இருந்தபடி மகளை முறைத்தார்.

"அந்த மனிசன நோவிக்காத, மகள்," என்றாள் உம்மா.

"உள்ளதத்தான் செல்றன். வார்ட் சாம்பியன் ஃப்ரோச்சயே வென்றவர். கல்சாகி ஃப்ரோச்சோட மோதக்கூட இல்ல."

ஸஹாப்தீனின் இடது கை கதிரைச் சட்டத்தில் ஓங்கி விழுந்தது.

"நாப்பத்தாறு சண்டை," என்றார் குழறலாக. "ஒண்டு கூட... தோக்கல்ல."

உம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பக்கவாதம் வந்த ஐந்து மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. இனிப் பேச்சு வராது என்று டாக்டர் கைவிரித்த அன்றே, அதை நம்புவதில்லை என்று பர்ஸானா முடிவெடுத்திருந்தாள்.

தானும் கல்சாகி கட்சிதான் என்பதை அவள் இப்போதும் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கதிரையை அவர் பக்கத்தில் நெருக்கி இழுத்துப் போட்டாள்.

"வார்டும்தான் ஒண்டும் தோக்கல்ல, வாப்பா. இப்ப என்ன செல்றீங்க?"