கூடுதலாக ஒரு குத்து

"இந்த ஒரு கட்டை மட்டும் சுள்ளுனு குத்துது. உங்களுக்கும் அப்படித்தான் கேக்குதாம்மா?"

முத்துப்பாண்டி அதே கட்டையை மறுபடி தட்டினார். எங்கெங்கோ வெளிநாட்டு மேடைகளில் எல்லாம் பியானோ வாசித்தவர், சொந்த ஊர்ப்பக்கம் மதுரைக்கு இப்போதுதான் முதல் தடவையாகக் கச்சேரிக்கு வந்திருந்தார்.

"ஆமா சார், எனக்கும் கேக்குது. சரி பண்ணிர்றேன்" என்றாள் பாண்டிச்செல்வி. அரங்கத்தின் கிராண்ட் பியானோவைக் காலையிலிருந்து பிரித்துப் போட்டு, எல்லாக் கட்டைகளும் ஒரே சீராக அழுந்தும்படி செய்து வைத்தவள் அவள்தான்.

"அப்பாடா!" என்று சிரித்தார் அவர். "அலங்காநல்லூர்லருந்து எங்க ஆளுக வேன் பிடிச்சு வாராக. மானத்தக் காப்பாத்திருங்க."

அவர் உடை மாற்றப் போனார்.

கட்டையை அழுத்தினால், உள்ளே கம்பளி போர்த்திய சின்னச் சுத்தியல் எழும்பிக் கம்பியைத் தட்டும். கம்பளி இறுகிப்போனால் ஓசை குத்தும். ஊசியால் குத்தி இளக்கினால் கனியும். அளவு மீறினால் செத்தே போகும். பாண்டிச்செல்விக்கு இது தெரியாததல்ல. இரண்டு மூன்று குத்திலேயே ஓசை கனிந்துவிட்டது. ஆனாலும் அவ்வளவு பெரிய மனிதர் அசந்துபோய் நாலு வார்த்தை மெச்ச வேண்டுமே என்ற ஆசை. ஊசியை இன்னொரு முறை ஆழமாக இறக்கினாள்.

தட்டிப் பார்த்தாள். பஞ்சு மூட்டையில் அடித்த மாதிரி 'தொம்' என்றது.

கம்பளியைத் திரும்ப இறுக்க மருந்து பூசலாம். அது காய நேரம் வேண்டுமே! அதற்குள் வாசல் கதவைத் திறந்துவிட்டார்கள். கூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

முத்துப்பாண்டி திரையோரம் வந்து நின்றார். "என்னம்மா, எல்லாம் சரியா இருக்குல்ல? நீங்க சொன்னா நம்பிருவேன்."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "சரியா இருக்கு சார்" என்று வந்துவிட்டது.

கச்சேரி தொடங்கியது. அந்தக் கட்டை வரும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கியது. ஒருமுறை தலையைச் சாய்த்துக் காதைப் பியானோ பக்கம் கொண்டுபோனார். கடைசி வரிசைத் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற பாண்டிச்செல்விக்கு உடம்பே கூசியது. இத்தனை வருஷம் சம்பாதித்த நல்ல பேர் மேல் ஆசைப்பட்டு, ஒரு நல்ல மனிதரிடம் பொய் சொல்லிவிட்டாளே!

கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டியது. முத்துப்பாண்டி மைக்கைக் கையில் வாங்கினார்.

"ஒரு விஷயம் சொல்லணும். என் காது மங்கிட்டு வருதோன்னு கொஞ்ச நாளா டாக்டருக்குச் சந்தேகம். நான் நம்பல. இன்னிக்கு ஒரு கட்டையோட சத்தம் எனக்குச் சரியாவே கேக்கல. பியானோ மேல குத்தமில்ல, அதச் சரிபாத்தவங்களையே கேட்டுட்டுத்தான் உக்காந்தேன். அதனால, இதுதான் நான் வாசிக்கிற கடைசிக் கச்சேரி."

அத்தனை பேர் நடுவிலும் பாண்டிச்செல்வி மேடையை நோக்கி ஓடினாள்.

"கட்டையக் கெடுத்தது நாந்தான் சார்! உங்க காது நல்லா இருக்கு சார்!"