திரும்பி வராத பில்

மாப்பிள்ளைப் பையனுக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று கம்ப்யூட்டர் காட்டியதும், ஆஸ்பத்திரி பில்லிங் மேலாளரின் முகம் லாட்டரி அடித்தவன் முகம்போல மலர்ந்தது.

"பார்த்தியா? அன்னைக்கே சொன்னேன், மூஞ்சியே சரியில்லன்னு!" திரையை மகள் பக்கம் திருப்பினார்.

பையன் ஒரு டிராயிங் மாஸ்டர். மகள் காதலித்து, அடிக்காத குறையாக அப்பாவிடம் சம்மதம் வாங்கி, அடுத்த மாதம் கல்யாணம். சம்பளம் பத்தாது, சொந்த வீடு இல்லை என்று அவர் போட்ட முட்டுக்கட்டை எதுவும் எடுபடவில்லை.

போன வருஷம் அவன் இதே ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டான் என்று காதில் விழுந்ததும், மனிதர் கோப்பைத் திறந்துவிட்டார். அடுத்தவர் கோப்பைத் தொடக் கூடாது என்று விதி இருக்கிறது. விதியெல்லாம் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்களுக்குத்தானே!

அலுவலகத்தில் அவருக்கு 'பில் புலி' என்று பெயர். அவரே வைத்துக்கொண்டது. இன்சூரன்ஸுக்கு அவர் அனுப்பிய பில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று சுவரில் ஒரு கேடயம் வேறு. டாக்டர் நோயைக் கண்டுபிடிப்பார், அதற்குக் காசைக் கண்டுபிடிப்பது நான்தான் என்று பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

"அவருக்கு ஒண்ணுமே இல்லப்பா." அப்பா அந்த டெஸ்ட்டைக் கிளறியதுமே அவனிடம் வாங்கி வைத்திருந்த ரிசல்ட் தாளை மகள் நீட்டினாள். "எப்பவும் அசதியா இருக்குன்னு போனாரு. எதுக்கும் பார்த்துடலாம்னு, ரத்தத்துல இருக்கிற புரதத்தைப் பிரிச்சுப் பார்க்கிற டெஸ்ட்டை டாக்டர் எழுதினாரு. எல்லாம் நார்மல். நல்லா தூங்குங்கன்னு அனுப்பிட்டாரு."

தாளை அவர் தொடக்கூட இல்லை. "கலர் பிரிண்டர் வச்சிருக்கிற எவனும் இதை அடிச்சுக் குடுப்பான். அதுவும் டிராயிங் மாஸ்டர், கேக்கணுமா! இங்க பாரு, பில்லுல ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கோட் நம்பர் உண்டு. இவனுக்குப் போட்டிருக்கிறது புற்றுநோய் நம்பர். மனுஷன் பொய் சொல்லுவான், எங்க சிஸ்டம் சொல்லாது."

"அவரு என்கிட்ட எதையும் மறைக்க மாட்டாருப்பா."

"மறைச்சுட்டானே! காலையிலயே அவங்க அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். சீக்காளிக்குப் பொண்ணு குடுக்க நாங்க என்ன இளிச்சவாயங்களான்னு கேட்டுட்டேன்."

"ஐயோ! அவங்க என்ன சொன்னாங்க?"

"ஓன்னு அழுதாங்க. பின்னே, குட்டு வெளிப்பட்டா சிரிப்பாங்களா?"

மகள் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி தப்பாகவா எழுதும்? அவளுக்கே நம்பிக்கை ஆட்டம் கண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் போட்ட மோதிரத்தை விரலிலிருந்து கழற்றினாள்.

"அப்படி வா வழிக்கு," என்று புலி நாற்காலியில் சாய்ந்தார்.

அந்த நேரம் பார்த்து, பில்களுக்கு நோய் நம்பர் போடும் பெண் ஒருத்தி கதவைத் தட்டிவிட்டுத் தலையை நீட்டினாள்.

"சார், அந்தப் புரத டெஸ்ட் இன்னொண்ணு வந்திருக்கு. டாக்டர் வெறும் சந்தேகம்னுதான் எழுதியிருக்காரு. எந்த நம்பர் போடட்டும்?"

புலி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜெயித்த மிதப்பில் வாய் தன் பழக்கத்தில் ஓடியது.

"உனக்கு எத்தனை தடவை சொல்றது? சந்தேகம்னு அனுப்பினா இன்சூரன்ஸ்காரன் பில்லைத் திருப்பி மூஞ்சியில அடிப்பான். புற்றுநோய்னே போட்டு விடு. இந்த டெஸ்ட்டுக்கு எல்லாருக்கும் அப்படித்தானே போடறோம்!"

"சரிங்க சார்." கதவு மூடிக்கொண்டது.

புலியின் கண் தானாகத் திரையில் இருந்த அந்த நம்பருக்குப் போனது.

மகள் மோதிரத்தை மறுபடியும் விரலில் போட்டுக்கொண்டாள். போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினாள். யாரோ எடுத்ததும், அதை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அவங்க அம்மாதான். பையனுக்கு எங்கேர்ந்து நோய் வந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்கப்பா."