நூற்று நாற்பதாவது மனு

அமைச்சர் மக்களிடம் நேரில் மனு வாங்கும் நாள். நூற்று நாற்பதாம் டோக்கனோடு அவள் இரண்டு மணி நேரமாக வரிசையில் நின்றாள். கால் மரத்துப்போயிருந்தது, மனசும்தான்.

உள்ளே, அவர் வக்கீலாக இருந்தபோது ஆபீஸில் மாட்டியிருந்த அதே பலகை: 'படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.'

"என்ன மனும்மா?" என்றார் புதிதாக வந்த உதவியாளர்.

"குடும்ப விஷயம். ஐயா கையெழுத்துப் போட்டாப் போதும்."

அமைச்சர் காதில் போனை இடுக்கியபடி, உதவியாளர் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். "ஆவன செய்றோம்மா. அடுத்தவங்க!"

உதவியாளர் திருப்பித் தந்த தாளோடு அவள் ஒரு கணம் நின்றாள். அவர் தலை நிமிரவில்லை.

வெளியே காத்திருந்த அவளுடைய வக்கீல், ஒரு காலத்தில் அமைச்சரின் ஜூனியர், தாளைப் புரட்டித் திகைத்துப் போனார்.

"படிக்காம போடாதேன்னு எங்களுக்குத் தலைப்பாடா அடிச்சுக்கிட்டவர் ஆச்சே!"

"என் முகத்தையே பார்க்கலை, தம்பி."

"அண்ணி, இன்னொரு தடவை யோசிங்க. இதைக் கோர்ட்ல கொடுத்துட்டா, விவாகரத்துக்கு அவரும் சம்மதிச்சதா ஆயிடும்."

"யோசிக்கத்தான் ரெண்டு மணி நேரம் வரிசையில நின்னேன். நிமிர்ந்து பார்த்திருந்தார்னா, அங்கேயே கிழிச்சுப் போட்டிருப்பேன்."