பதினோராம் பிரிவு

புதிதாக அறிமுகமாகும் மசோதாக்களைத் தினமும் படித்து, எது எந்த நிலையில் இருக்கிறது என்று பிசகில்லாமல் குறித்துவைப்பதுதான் வசுமதியின் வேலை. தகவல்தொடர்புப் பாதுகாப்பு மசோதாவின் பதினோராம் பிரிவை அன்று காலையில்தான் குறித்திருந்தாள். கேபிளைச் சேதப்படுத்தும் கையை மணிக்கட்டோடு வெட்டலாம் என்றது அது. மதியம் ஜன்னலுக்குக் கீழே அலறல் கேட்டது. தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தவனின் கடப்பாரை கேபிளில் இறங்கிவிட்டதாம். காவலர்கள் அவனைப் பல் தெறிக்க அடித்து, வலது கையை ஒரு கருங்கல்லின் மேல் அழுத்திப் பிடித்திருந்தார்கள். ஒருவன் கோடாரியை ஓங்கினான்.

"நிறுத்துங்க! அது இன்னும் சட்டமாகலைங்க, வெறும் மசோதாதான்!" என்று வசுமதி கத்தினாள்.

கோடாரி அந்தரத்தில் நின்றது. "அப்படியாம்மா? எப்ப ஆகும்?"

பழக்கதோஷத்தில் அவள் வாய் முந்திக்கொண்டது. "வியாழக்கிழமை ஓட்டெடுப்பு. காலைல பத்தரைக்கு."

கோடாரிக்காரன் சமாதானமாகத் தலையாட்டினான். பள்ளம் தோண்டியவனை ஒரு கம்பத்தோடும் அவன் கையைக் கல்லோடும் கட்டிவிட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருவன் டீ வாங்கக் கிளம்பினான்.

கட்டப்பட்டவன் ரத்தம் ஒழுகும் வாயோடு ஜன்னலை நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா, இன்னைக்கு என்ன கிழமை?"