பாட விடாதவள்

“இந்தப் பன்னிரண்டாம் பக்கத்தை எழுதின மகராசன் யாரு? அந்த முகத்தை நான் இப்பவே பாக்கணும்!”

ஆடியோ கம்பெனி மேனேஜரின் மேஜை மேல், இதுவரை வெளிவராத ஒரு பழைய ஆல்பத்தோடு தர அச்சடித்த சின்னப் புத்தகம் பொத்தென்று விழுந்தது. அவர் காபிக் கோப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எதிரே நின்றவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஊரையே ஆட வைத்த நால்வர் இசைக்குழுவின் பாடகருக்கு மனைவி.

“உட்காருங்கம்மா…”

“உட்கார வரலை. படிங்க. சத்தமா.”

மேனேஜர் தொண்டையைச் செருமினார். “‘இந்த ஒன்பது பாட்டுக்கும் வாத்தியங்கள் மட்டுமே பதிவாகின. குரல் சேரவே இல்லை. பாடகரை அவருடைய புது மனைவி ஒலிப்பதிவுக்கு விடவில்லை. குழு அத்தோடு உடைந்தது.’”

“விடலையாம்! ரிக்கார்டிங் நடந்த பதினாலு நாளும் விடியக் காலையில எழுந்து, சட்டை தேய்ச்சுக் கொடுத்து, தொண்டைக்கு இதமா பிளாஸ்க்ல வெந்நீரும் தேனும் ஊத்தி, தெருமுனை வரைக்கும் போய் பஸ் ஏத்தி விட்டவ நான்!”

அவருடைய கோபத்துக்கும் வயது நாற்பது. ரசிகர்கள் பேர் போடாமல் கடிதம் எழுதித் திட்டியிருக்கிறார்கள். போகிற இடமெல்லாம் முதுகுக்குப் பின்னால், “இவதான் அவ” என்று ஒரு கிசுகிசு.

“பல் பிடுங்கப் போனா, டாக்டர் ஊசியைக் கையில வச்சுக்கிட்டு, ‘ஏம்மா அவரைப் பாட விடலை?’ங்கிறாரு. வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கிறவ என்ன பதில் சொல்ல? இத்தனை நாள் வெறும் வாய்ப்பேச்சு, காத்தோட போச்சு. இது அச்சு தம்பி. நாளைக்கு என் பேத்தி படிப்பா!”

“நான் எழுதலைம்மா. சார் சொன்னதைத்தான்…” என்று மேனேஜர் ஜன்னலோர சோபாவைக் காட்டிக் கைகழுவினார்.

அங்கே குழுவின் கிடார்க்காரர். முடி போய்விட்டது; தலையைக் கோதும் பழக்கம் மட்டும் போகவில்லை.

“வாங்க அண்ணி.”

“கூப்பிடறப்ப அண்ணி, எழுதறப்ப வில்லியா?”

“பழைய கதை. விட்டுடுங்களேன். அவனே ஒண்ணும் சொல்லலையே?”

“அவரா சொல்வாரு? ‘போனா போகுது, அங்கெல்லாம் போகாதே’ன்னுதான் சொன்னாரு. அப்படிப்பட்ட சாது! அதான் ஆளாளுக்கு முதுகுல ஏறிச் சவாரி பண்றீங்க. நீங்களும் டிரம்ஸ்காரரும் அடிச்சுக்கிட்டுக் குழுவை உடைச்சீங்க. பழியைத் தூக்கி வைக்க என் தலை கிடைச்சுது!”

கிடார்க்காரர் இல்லாத முடியைக் கோதினார். மேனேஜருக்கு ஆல்பம் வெளியீட்டு விழா நேரத்தில் வம்பு வேண்டாம். “அந்த வரியை எடுத்துடறேம்மா.”

“சும்மா எடுத்தா, சத்தத்துக்குப் பயந்து எடுத்ததா ஆகும். நிரூபிச்சுட்டு எடுங்க. பாட்டுக்கு முன்னால இவங்க பேசினதும் டேப்ல பதிஞ்சிருக்குமில்ல?”

“இருக்கும்மா. நானே இன்னும் கேக்கலை. பேச்சையெல்லாம் வெட்டிடணும்னு சார்தான் ஒத்தைக்கால்ல நின்னாரு.”

“ஓஹோ! ஏன் நிக்க மாட்டாரு? போடுங்க. என் வீட்டுக்காரர் அதுல ஒருதரம் இருமியிருந்தாக்கூடப் போதும்.”

கிடார்க்காரர் பதறி எழுந்தார். “வேணாம் அண்ணி. ரொம்பப் பழைய டேப். அறுந்துடும்.”

“எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு சார்” என்றார் மேனேஜர், உதவுவதாக நினைத்துக்கொண்டு.

“பாத்தீங்களா, குட்டு உடையுதுன்னதும் டேப் அறுந்துடுமாம்!”

“அண்ணி, நான் புளுகினேன்னு மன்னிப்பு எழுதித் தர்றேன். உங்க கால்ல வேணும்னாலும் விழறேன். அதைப் போட வேணாம்.”

“போடுங்க தம்பி” என்றார் டீச்சர். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஸ்பீக்கரில் கிடாரைச் சுருதி சேர்க்கும் சத்தம். டிரம்மில் இரண்டு தட்டு. யாரோ கேட்டார்கள்: “பதினாலாவது நாள். இன்னிக்கும் அவன் வரலையா?”

“எங்க வர்றது? காலையிலேருந்து அந்த டான்ஸ்காரி வீட்டுலதான் இருக்கான்.”

அடுத்து, நாற்பது வயது குறைந்த கிடார்க்காரரின் குரல்: “மெதுவாடா. பாவம், கட்டிக்கிட்டு வந்து மூணு மாசம் ஆகலை. அண்ணிக்குத் தெரிஞ்சா தாங்காது. வெளியில யார் கேட்டாலும் பொண்டாட்டி விடலைன்னு சொல்லிடுவோம்.”

மேனேஜர் பாய்ந்து நிறுத்தினார். கிடார்க்காரர் தரையைப் பார்த்தபடி நின்றார். டீச்சர் மேஜை மேல் கிடந்த புத்தகத்தை மூடி வைத்தார்.

“அந்த வரியை… இன்னிக்கே எடுத்துடறேம்மா.”

“எடுக்காதீங்க. அப்படியே இருக்கட்டும்” என்று டீச்சர் எழுந்தார். “ஞாயித்துக்கிழமை விழாவுக்கும் அவர் வரமாட்டாரு. யாராவது கேட்டா, பொண்டாட்டி விடலைன்னு சொல்லிடுங்க.”