ஞாயிற்றுக்கிழமை வராத பேய்

மூன்று வாரமாக அந்தத் தெருவில் காலை எட்டு இருபதுக்குக் கரண்ட் போகும். மறுபடி மாலை நாலு பத்துக்கு. கால் மணியில் தானாக வந்துவிடும்.

"பேய் வேலைன்னு பேசிக்கிறாங்க சார்," என்றார் லைன்மேன்.

"ஞாயித்துக்கிழமை லீவு எடுக்கிற பேய் எந்த ஊர்லய்யா இருக்கு?" என்றார் தெருச் சங்கத்துச் செயலாளர். "எவனோ திமிர் பிடிச்சவன். இன்னைக்குப் பிடிச்சுக் கம்பி எண்ண வைக்கிறேன்."

புகார் மனு அவர் சட்டைப்பையில் தயாராக இருந்தது. பேருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

இருவரும் பூட்டிக் கிடந்த கடையின் படிக்கட்டு மறைவில் உட்கார்ந்தார்கள். எதிரே பூட்டில்லாத ஃபியூஸ் பெட்டி. பக்கத்தில் மின்கம்பம், அதைத் தாங்கும் ஸ்டே கம்பி. இந்த மழையிலும் அந்தக் கம்பியைச் சுற்றிப் புல் கருகியிருந்ததை லைன்மேன் பார்த்தார். போன மாதம் ஒரு நாய் விறைத்துக் கிடந்ததும் அங்கேதான்.

நாலு பத்து.

கணுக்கால்வரை மழைக்கோட்டு, முகத்தை மூடிய தொப்பி, கையில் ரப்பர் உறை. ஓர் உருவம் சத்தமே இல்லாமல் வந்தது. சொந்த வீட்டு அலமாரியைப் போலப் பெட்டியைத் திறந்து கைப்பிடியைக் கீழே இழுத்தது.

மாவு மில் நின்றது. தெருவுக்கே பேச்சு நின்றதுபோல் ஆனது.

எழப்போன செயலாளரின் கையை லைன்மேன் பிடித்தார். "இருங்க சார். அது ஓடலையே."

உருவம் கம்பத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றது.

பள்ளி விட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொன்றும் ஸ்டே கம்பியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போனது. எண்ணுவதுபோல் தொப்பி மெல்ல அசைந்தது. கடைசிப் பிள்ளையும் திருப்பத்தில் மறைந்த பிறகே கைப்பிடி மேலே போனது.

செயலாளர் பாய்ந்து தொப்பியை இழுத்தார்.

அவர் மனைவி.

"கம்பியில கரண்ட் இறங்குதுன்னு எத்தனை தடவை சொன்னேன்?" அவள் குரல் உயரவே இல்லை. "கேட்டீங்களா?"

லைன்மேன் ஸ்டே கம்பியில் டெஸ்டரை வைத்தார். எரிந்தது. அண்ணாந்து பார்த்தார். மேல் லைனில் கொக்கி போட்ட ஒரு வயர், ஸ்டே கம்பியை உரசிக்கொண்டு, செயலாளர் வீட்டு மோட்டார் அறைக்குள் போனது.

முதலில் லைன்மேனே கைப்பிடியைக் கீழே இழுத்தார். பிறகு கையை நீட்டினார்.

"அந்தப் புகாரைக் கொடுங்க சார். பேரை நானே எழுதிக்கிறேன். உங்க இனிஷியல் என்ன?"